ஜிம்முக்குப் போன பாடு

1

திறப்பு விழாவுக்கு வந்திருந்தவர்கள்: ஊர்த் தலைவர் முனுசாமி மாமா, கோயில் பூசாரி, வார்டு உறுப்பினர், பக்கத்து ஊர் பசியாவரத்திலிருந்து படகு பிடித்து வந்த ஏழெட்டுப் பேர், இந்த ஜிம்முக்காக இரண்டு வருஷம் அலைந்த என் நண்பன் கன்னியப்பன், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன்கள் மொத்தமும். நானும் வந்ததாகத்தான் கணக்கு. கன்னியப்பன் தூக்கிப் பிடித்திருந்த போனுக்குள் இருந்தேன்.

வராதவர் ஒருவர்தான். என் நைனா.

ஜெர்மனியில் அப்போது விடிந்திருக்கவில்லை. பிரேமர்ஹாவன் துறைமுகத்தில் மீன் வைக்கும் குளிர்க் கிடங்குகளில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காலை ஷிஃப்டில் காபி குடிக்கும் அறையில் உட்கார்ந்து, கனத்த கோட்டைக் கழற்றாமலே விழாவைப் பார்த்தேன். முனுசாமி மாமா ரிப்பனை வெட்டிவிட்டு போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"இன்னா மாப்ள, தெரியுதா? உன் ஜிம்மு."

"தெரியுது மாமா. நைனா எங்க?"

அவர் திரும்பிக் கன்னியப்பனைப் பார்த்தார். கன்னியப்பன் போனைச் சுவரோர இரும்புக் குண்டுகள் பக்கம் திருப்பி, "இத்த பாரு, முப்பது கிலோ. ரெண்டு பசங்க படகுலேர்ந்து தூக்கியாந்தானுங்க" என்றான். நான் மறுபடியும் கேட்டேன்.

"டூட்டிக்குப் போயிருக்காருடா."

"எங்க நைனாவுக்கு ஏதுடா டூட்டி?"

அவன் கூட்டத்தை விட்டு வெளியே வந்தான். படகு கட்டும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டு சொன்னான். இந்த ஜிம்முக்காக நைனா ஏரியை விட்டுவிட்டார். மாசி மாதத்திலிருந்து மீஞ்சூரில் ஒரு கிடங்கு வாசலில் காவலுக்கு நிற்கிறார். ஊருக்கே தெரிந்த இந்தச் செய்தி எனக்கு மட்டும் தெரியாது.

2

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்காகப் பாடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

பழவேற்காடு ஏரியில் கழி நட்டு வலை கட்டி இறால் பிடிக்கும் இடங்களைப் பாடு என்போம். எந்த நாளில் எந்தப் பாட்டில் யார் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கும். நல்ல இடம் இன்றைக்கு எனக்கு வந்தால் அடுத்த முறை உனக்கு. படகு வைத்திருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே சீட்டுதான். வீட்டுக்கு ஒரு பெயர், அதுவும் கல்யாணமான ஆணின் பெயர். மகனுக்குக் கல்யாணமானால் அப்பன் தன் பெயரை எடுத்துவிட்டு மகன் பெயரைச் சேர்ப்பது வழக்கம்.

என் கல்யாணம் முடிந்த மறுவாரம் நைனா சபையில் அதைச் செய்தார். நான் அப்போதே டிப்ளமோ முடித்து சென்னையில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். "படிச்ச புள்ளைக்கு எதுக்குப்பா பாடு?" என்று யாரோ கேட்டார்கள். "படிச்சா பேரு அழிஞ்சிடுமா?" என்று நைனா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் பெயர் ஏறியது.

அன்றிலிருந்து பெயர் என்னுடையது, தண்ணீரில் நிற்பது அவர். நான் ஜெர்மனிக்கு வந்தபிறகும் அப்படித்தான் நடந்தது. அம்மா போய்ச் சேர்ந்தபின் அவருடைய வாரங்கள் முறை வரும் நாளை வைத்துத்தான் நகர்ந்தன. போன் செய்தால் முதலில் அதைத்தான் சொல்வார். "நாளைக்கு நம்ம பாடு நைனா." எங்கள் பக்கம் அப்பனும் நைனாதான், ஆசையாகக் கூப்பிட்டால் பிள்ளையும் நைனாதான். "இறால் கீதா இல்லியா, அத்த வுடு. போய் நிக்கணும்ல."

அவர் ஏரியில் நிற்பதற்கு இருந்த உரிமை அந்த ஒரு பெயர்தான். அது போனால் அவர் கரையாள்.

3

ஜிம் கேட்டது கன்னியப்பன். போலீஸ் வேலைக்கு ஆள் எடுத்தபோது எழுத்துத் தேர்வில் தேறிவிட்டு ஓட்டத்தில் விழுந்தவன் அவன். மணலில் ஓடிப் பழகிய கால் மைதானத்தில் கணக்குத் தப்பிவிட்டது என்பான். வயதும் தாண்டிவிட்டது. தனக்குப் பின்னால் வரும் பையன்களாவது தேற வேண்டும் என்று அவனுக்கு ஒரு வெறி. பக்கத்து ஜிம் பொன்னேரியில் இருக்கிறது. படகு, பஸ் எல்லாம் பிடித்துப் போய்வந்தால் சாயங்கால வலை வேலை போய்விடும். பெண்களும் கேட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் இறால் தரம் பிரித்துப் பிரித்து முட்டி மடங்காதவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள். டாக்டரம்மா நடக்கச் சொல்கிறார், மூன்று தெரு உள்ள ஊரில் எங்கே நடப்பது என்றார்கள்.

நான் இருக்கும் தெருவின் முனையில் ஒரு விளையாட்டுக் கூடம் உண்டு. ஒரு சங்கம் நடத்துகிறது. செவ்வாய்க்கிழமைகளில் இறகுப்பந்து ஆடப் போவேன். சங்கத்தின் பொருளாளர் கிளாஸ், கப்பல்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் பேச்சுவாக்கில் ஊரைப் பற்றிச் சொன்னேன். "ஆண்டுக் கூட்டத்தில் வந்து பேசு, தேசா" என்றார். தேசப்பன் என்ற என் பெயர் அவர்கள் வாயில் அதற்குமேல் போகாது.

பேசினேன். என் ஜெர்மன் மொழியில், கூடம் ஏரிக்கரையில் வரப்போகிறது என்பதற்குப் பதில் ஏரிக்குள் கிடக்கிறது என்று சொல்லிவிட்டேன். மூழ்கிவிட்டதா என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஓட்டெடுப்பு. எல்லாக் கையும் உயர்ந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு யூரோ, ஊர்ப் பணத்தில் இரண்டரை லட்சத்துக்குக் கிட்ட.

அன்றே ஊருக்கு வீடியோவில் பேசினேன். கோயில் வாசலில் சபை கூடியிருந்தது. "வந்துரும் மாமா" என்றேன்.

"எப்ப வரும்?"

"கை தூக்கிட்டாங்க மாமா. இனிமே பேப்பர்தான்."

எங்கள் ஊரில் சபையில் கை தூக்கினால் அது முடிந்த காரியம். அதற்குமேல் ஒரு காகிதம் என்பது எங்கள் யாருக்கும் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை. மறுநாளே கடைக்கால் தோண்டிவிட்டார்கள்.

4

கிளாஸ் எனக்கு அனுப்பிய முதல் கேள்வி: உங்கள் ஊர் அமைப்பின் பதிவு எண் என்ன?

எண் கிடையாது என்று எழுதினேன். அப்படியானால் எப்போது தொடங்கப்பட்டது? தெரியாது, என் தாத்தனின் தாத்தன் காலத்திலும் இருந்தது. யார் கையெழுத்திடுவார்? யாரும் இடுவதில்லை, கூடிப் பேசுவோம். வங்கிக் கணக்கு? கோயில் உண்டியல்.

அவர் நல்ல மனிதர். கேலி செய்யவில்லை. ஒரு சனிக்கிழமை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு ஆப்பிள் கேக் கொடுத்து, மேசையில் காகிதங்களைப் பரப்பி வைத்து விளக்கினார். ஜெர்மன் சங்கத்தின் பணம் பதிவு செய்த அமைப்புக்குத்தான் போக முடியும். நம் நாட்டுச் சட்டமும் வெளிநாட்டு நன்கொடை வாங்க அனுமதி கேட்கிறது. அந்த அனுமதிக்குச் சில வருஷக் கணக்கு வழக்குகள் காட்ட வேண்டும். தனி ஆள் பெயருக்கு அனுப்ப இவர்களுக்கு வழியில்லை.

"வருத்தமாக இருக்கிறது, தேசா. பணம் இருக்கிறது. போய்ச் சேர ஆள்தான் இல்லை."

நூற்றுக்கணக்கான பேர் இருக்கிற ஊரை அவர் அப்படிச் சொன்னார். சட்டப்படி சரியாகத்தான் சொன்னார்.

கன்னியப்பனிடம், "கொஞ்சம் லேட்டாகும்டா, பொறு" என்றேன். என் கையிலிருந்து ஒரு லட்சம் அனுப்பினேன். அவனும் "நோ ப்ராப்ளம் மச்சி" என்றான். கூரைத் தகட்டைக் கடனுக்கு வாங்கியதையும், சிமெண்ட் கடைக்காரர் பாக்கி கேட்டுப் படகேறி வந்து கோயில் வாசலில் உட்கார்ந்திருந்ததையும் சொல்லவில்லை. தகடுகளைப் படகில் மீன் கூடை அடுக்குவதுபோல ஒரே பக்கமாக அடுக்கி, நடு ஏரியில் படகு சாய்ந்து, நான்கு தகடு தண்ணீருக்குள் போனதையும், கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள் காலால் துழாவி அவற்றை எடுத்துக் கொடுத்ததையும் மட்டும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். நானும் என் மனைவி செல்வியும் அன்றைக்கு ரொம்ப நேரம் சிரித்தோம்.

5

நைனா சபையில் என்ன செய்தார் என்பதைக் கன்னியப்பன் திறப்பு விழா அன்று படகு கட்டும் இடத்தில் நின்று சொன்னபடி எழுதுகிறேன்.

பணம் கேட்டு சபை கூடியிருக்கிறது. வீட்டுக்கு வீடு வசூலித்தாகிவிட்டது. பொதுப்பணமும் தீர்ந்துவிட்டது. யாரோ சொல்லியிருக்கிறார்கள்: "ஜெர்மன்காரன் வாயாலயே பில்டிங் கட்டிட்டான். நாம வாயாலயே தண்டால் எடுக்க வேண்டியதுதான்."

சிரிப்பு. எங்கள் ஊரில் இது கோபமில்லாத பேச்சு. ஆனால் நைனா எழுந்து நின்றுவிட்டார்.

"கோயிலுக்கு ஒரு பாடு வுடறோமா இல்லியா?"

"வுடறோம். அதுக்கின்னா இப்போ?" என்று முனுசாமி மாமா கேட்டார். திருவிழாச் செலவுக்காக ஊரில் ஒரு பெயரைப் பொதுவில் வைத்து ஏலம் விடுவது உண்டு. ஏலம் எடுத்தவர் அந்த முறைகளில் வலை கட்டிக்கொள்ளலாம்.

"அப்ப ஜிம்முக்கும் ஒரு பாடு. எங்க வூட்டுப் பேர ஏலத்துல வைங்க."

"சாமிக்கு வுடறது வேற செங்கேணி. இரும்புக் குண்டுக்கு வுடறது வேற" என்று மாமா நைனாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஆஞ்சநேயருக்குன்னு வெச்சுக்கோ."

மறுபடியும் சிரிப்பு. மாமா மட்டும் சிரிக்காமல் கேட்டிருக்கிறார். "பேரு உன் புள்ள பேரு. அவன் இன்னா சொல்றான்?"

"கேட்டேன். சரின்னுட்டான்."

என்னைக் கேட்கவே இல்லை. அவர் வாழ்நாளில் சபையில் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும்.

"அப்ப நீ இன்னா பண்ணுவ? எவன் பாட்டுல நிப்ப?"

"நான் பாத்துக்கறேன். எம்புள்ள சொன்ன சொல்லு சபையில கீது. அத்த எடுங்க மொதல்ல."

மூன்று வருஷத்துக்கு ஏலம் போனது. அன்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்தன. 'தேசப்பனுக்கு நன்றி', 'மண்ணை மறக்காத மைந்தன்'. நான் அனுப்பிய ஒரு லட்சத்துக்கு என்று நினைத்து, பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டேன். அந்தக் கும்பிடு என் சம்மதம் ஆகிவிட்டது.

முன்னாலேயே தெரிந்திருந்தால் கடன் வாங்கியாவது அனுப்பியிருப்பேன். அது நைனாவுக்கும் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

6

என் மகள் யாழினிக்கு ஐந்து வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறாள். தாத்தாவை 'ஓப்பா இந்தியா' என்பாள், ஓப்பா என்றால் இங்கே தாத்தா. அவர் "இன்னாடா கண்ணு, சாப்ட்டியா?" என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். நான் சொல்லிக் கொடுத்த தமிழில் அந்த 'இன்னா' இல்லை. இங்குள்ள மற்ற தமிழர்கள் சிரிக்கக் கூடாது என்று நானே என் பேச்சைத் திருத்தித் திருத்தி, அவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு புத்தகத் தமிழை வைத்துவிட்டேன்.

விழாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனாவை வீடியோவில் கூப்பிட்டேன். இதற்கு முன் மாசக்கணக்காக அவர் "நெட்டு இல்ல" என்று குரலில் மட்டுமே பேசி வந்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்றோ என்னவோ, எடுத்துவிட்டார். நீலச் சட்டை, தோளில் பட்டை, தலையில் தொப்பி. பின்னால் பெரிய இரும்புக் கேட்.

யாழினி என் தோளில் சாய்ந்து பார்த்தாள். "ஓப்பா போலீஸா?"

அவர் காதில் சரியாக விழுந்தது போலீஸ் என்ற சொல் மட்டும். உடனே நேராக நின்று அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார். அவள் கைதட்டினாள். அவரும் சிரித்தார். பக்கத்து அறையில் செல்வி துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

யாழினி போனபிறகு கேட்டேன். "ஏன் நைனா?"

"இன்னா ஏன்? நல்லாத்தான் கீறேன். ஃபேன் கீது, சேர் கீது. லாரி நம்பர் எழுத வேற ஆளு. நான் கேட்டத் தொறக்கற ஆளு."

"வேற யார் படகுலயாவது பங்குக்குப் போயிருக்கலாமே."

"என் பாட்டுல நின்னுட்டு, இன்னொருத்தன் பாட்டுல போயி கழி புடிக்கச் சொல்றியா?" கோபமில்லாமல்தான் கேட்டார். "அதுவும் நம்ம பாட்டுலயே ஏலம் எடுத்தவன் வலை கட்டும்போது நான் கரையில குந்திகினு பாக்கணும். மீஞ்சூர்ல ஏரி தெரியல. அது ஒண்ணு தேவல."

"நான் அனுப்பற பணம் இருக்கே."

"அது பேங்குல கீது. பாப்பாவுக்கு." பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. "இரு, கேட்டுல வண்டி" என்று போனைச் சேரில் வைத்துவிட்டுப் போனார். கூரையும், சுற்றிக்கொண்டிருந்த ஃபேனும் தெரிந்தன. அவர் திரும்பி வருவதற்குள் இணைப்பு போய்விட்டது.

7

முனுசாமி மாமாவிடம் பேசினேன். ஏலப் பணத்தை முழுதாக, வேண்டுமானால் அதற்கு மேலும் அனுப்புகிறேன், பாட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன்.

"உனக்கு இன்னா மாப்ள, புரியாதா? எடுத்தவன் கழி நட்டுட்டான். சபை சொன்னத துட்டக் குடுத்துத் திருப்புனா, நாளைக்கு எவன் பேச்ச எவன் கேப்பான்?"

"நைனாவுக்காக மாமா."

"அவனுக்காகத்தான் சொல்றேன். அவன் குடுத்தத நீ திருப்பி வாங்குனா அவன் ஊர்ல தலை நிமிந்து நடப்பானா? மூணு வருஷம் முடியட்டும். சீட்டுப் போடறன்னைக்கு நீ நேர்ல வந்து நில்லு. பேரு உன்னுது, நீதான் நிக்கணும். அப்பால அவன் தண்ணிக்கு எறங்கட்டும்."

மூன்று வருஷத்தில் யாழினி இங்கே மூன்றாம் வகுப்புக்குப் போயிருப்பாள். நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். வருவேன் என்று மாமாவிடம் சொன்னேன். எந்த மாதம், எத்தனை நாள் லீவு என்று அப்போதே மனசு கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. சபைக்கு இன்னொரு 'வந்துரும்' சொல்லிவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

நைனாவிடம் இதைச் சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை. "மூணு வருஷம் கழிச்சு இந்தக் கால் சேத்துல நிக்குமா நைனா? நீ அதுக்கோசரம் ஏரோபிளேன் ஏறி வராத. புள்ளையப் படிக்க வை." பிறகு, கேட்காத ஒன்றைச் சொன்னார். "வெடிகாலைல டூட்டிக்குப் படகு ஏறப்போ ஜிம்முல லைட்டு எரியுது. பசங்க மூச்சு வுடறது வெளிய வரைக்கும் கேக்குது. நல்லாத்தான் கட்டிக்கீறானுங்க."

உள்ளே போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "செருப்பக் கழட்டணும், மறுபடி மாட்டணும். படகு போயிடும்" என்றார்.

ஜிம் நன்றாக நடக்கிறது. நடுப்பகலில் பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். உப்புக் காற்றுக்கு இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கக் கன்னியப்பன் வாரம் ஒருமுறை எல்லாவற்றுக்கும் எண்ணெய் போடுகிறான். அடுத்த போலீஸ் தேர்வுக்கு ஆறு பேர் தயாராகிறார்கள். கிளாஸிடம் புகைப்படங்களைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கடைசியில் பணம் எங்கிருந்துதான் கிடைத்தது என்று கேட்டார். ஊரிலேயே என்றேன். மகிழ்ச்சி என்றார். அவர் மொழியில் அதற்குமேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தமிழிலும் இதை எழுதத்தான் முடிகிறது.

செலவுக் கணக்கை ஊர்க் குழுவில் போட்டார்கள். கட்டடம், கூரை, இரும்புச் சாமான், படகு வாடகை, மின் இணைப்பு எல்லாம் சேர்ந்து ஒன்பது லட்சத்து அறுபதாயிரம். வீட்டு வசூலில் வந்தது மூன்று லட்சத்து நாற்பதாயிரம், ஊர்ப் பொதுப்பணம் இரண்டு லட்சத்து எண்பதாயிரம், நான் கொடுத்தது ஒரு லட்சம். மிச்சம் எங்கள் பாடு ஏலம் போனதில் வந்தது. இங்கே என் ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை, இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.